மூடுபயிரின் பூவும் களைக்கொல்லியின் இடமும்

களை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு முகங்கள் உண்டு. பயிரோடு பயிராய் முளைத்து அதன் உணவையும் நீரையும் பங்கிட்டுக்கொள்ளும் வேண்டாச் செடி ஒன்று; முகத்திலும் விழாவிலும் தோன்றும் பொலிவு மற்றொன்று. பழந்தமிழில் களைகட்டுதல் என்றால் களை பறித்தல். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது. இன்றோ ஓர் ஊர் களைகட்டியது என்றால் அங்கே திருவிழா நடக்கிறது என்று பொருள். இவ்வுரை எடுத்துக்கொண்ட நிலத்தில் இவ்விரு பொருளும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து கிடக்கின்றன. அங்கே பயிரும் பூக்கிறது, களையும் பூக்கிறது. எதைக் கொல்வது, எதை விடுவது என்னும் கேள்வி அதனாலேயே கடினமாகிறது.

நிலம் எது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் உள்ள பண்டார் தெங்காரா, 1972-இல் நிறுவப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் வளர்ச்சி வாரியமாகிய கெஜோராவின் திட்டத்தில் உருவான நகர்களுள் ஒன்று. தெங்காரா என்னும் மலாய்ச் சொல்லே தென்கிழக்கைக் குறிப்பது. அதனைச் சுற்றிலும் பெல்டா குடியேற்றத் திட்டங்களும் தோட்டங்களுமாகச் செம்பனை விரிந்து கிடக்கிறது. சாயோங், லிங்கியூ ஆகிய ஆறுகள் இப்பகுதியின் நீரைத் திரட்டி ஜொகூர் ஆற்றில் சேர்க்கின்றன. அந்த ஆற்று நீரே கீழே ஜொகூர் மக்களுக்கும் சிங்கப்பூர் மக்களுக்கும் குடிநீராகிறது. ஆகவே இங்குள்ள ஒரு தோட்டத்தில் மண் கரைந்தாலும் மருந்து வழிந்தாலும் அது அத்தோட்டத்துக்காரரின் சொந்தக் காரியமாக நின்றுவிடுவதில்லை.

செம்பனை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பலன் தரும். அதன்பின் மரம் உயர்ந்து குலை வெட்டுதல் அரிதாகும், விளைச்சலும் குறையும். பழைய மரங்களைச் சாய்த்துப் புதிய கன்றுகளை நடுவர். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண வடிவில் நட்டால் ஒரு ஹெக்டரில் ஏறக்குறைய 140 கன்றுகள் நிற்கும். கன்றுகள் ஓலை விரித்து ஒன்றையொன்று தொடுவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை இடைப்பட்ட நிலம் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாட்டில், சரிவான நிலத்தில், திறந்த மண் என்றால் அது போகின்ற மண்.

அந்த மண்ணை மூடுவதற்காக விதைக்கப்படுவதே மூடுபயிர். மலாய் மொழியில் இதனைத் தானாமான் பெனூத்தூப் பூமி என்பர். பூமி என்னும் சொல் நமக்கு அயலானதன்று என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் இவை அவரை, பயறு இனத்துக் கொடிகள். பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூன்றையும் கலந்து விதைப்பது நெடுநாளைய வழக்கம். கலப்போகோனியம் முதலில் ஓடிப் படர்ந்து ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். அது ஓயும்போது பியூரேரியா இடத்தைப் பிடிக்கும். நிழல் வந்த பிறகும் தாங்கி நிற்பது சென்ட்ரோசீமா. அதன் இளஊதாப் பூ நம் வீட்டு வேலியில் பூக்கும் சங்குப்பூவின் உறவு என்று பார்த்தவுடனே தெரியும். இக்கொடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் அகமுத்துவும் புரோட்டனும் 1985-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளஞ்செம்பனைக்கிடையே வளரும் இக்கொடிகள் ஆண்டொன்றுக்கு ஒரு ஹெக்டரில் ஏறத்தாழ 150 கிலோ நைட்ரஜனை இவ்வாறு சேர்க்கின்றன. கடையில் வாங்கும் யூரியாவாகக் கணக்கிட்டால் அது 300 கிலோவுக்கும் மேல்.

நான்காவதாக வந்தது மியூக்குனா பிராக்டியேட்டா. நம் சித்த மருத்துவத்தில் வழங்கும் பூனைக்காலிக்கு இது நெருங்கிய சொந்தம். திரிபுராக் காடுகளில் இயற்கையாக வளர்ந்த இக்கொடி, கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் மூடுபயிராகப் பரவி, அங்கிருந்து 1991-இல் கோல்டன் ஹோப் நிறுவனத்தின் வழியாக மலேசியாவுக்கு வந்தது. நல்ல மழைக்காலத்தில் நாளொன்றுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை ஓடும். வேர் ஆழமாக இறங்கும். பல களைகளைத் தன் நிழலாலேயே அழுத்திவிடும். ஆனால் மலேசியத் தாழ்நிலங்களில் இது அரிதாகவே பூக்கிறது, காய்ப்பதும் இல்லை எனலாம். அதனால் விதை தென்னிந்தியாவிலிருந்து வர வேண்டியிருக்கிறது, விலையும் மிகுதி. விதையின் தோல் கடினமானதால் அதனைச் சற்றுத் தேய்த்தோ கீறியோ ஊறவைத்தால்தான் முளைக்கும். விலை கொடுத்து வாங்கிய கொடியை ஒரு காலைப்பொழுதில் தவறான மருந்தால் கருக்கிவிடுவது எவ்வளவு எளிது என்பதை இனிக் காண்போம்.

கொடி நிலத்தை மூடும்வரை அது குழந்தை. முதல் ஆறு மாதங்களில் லாலாங் புல்லும், ஆடுமாடுகள் விரும்பும் அகல இலைப் புற்களும், மிக்கானியாக் கொடியும், மலாய்க்காரர் ரும்புட் இஸ்ராயில் என்று அழைக்கும் ஆஸிஸ்டேசியாவும் அதனை முந்திக்கொள்ளும். இங்கேதான் களைக்கொல்லிக்கு ஓர் இடம் பிறக்கிறது. அந்த இடம் சிறியது, காலமும் குறுகியது. ஆயினும் அதனை மறுப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. முதலாண்டில் களைக்குத் தோற்ற மூடுபயிர் பிறகு எழுவதில்லை; தோற்ற நிலத்தில் அடுத்த இருபது ஆண்டுகளும் மருந்து ஓயாது.

களைக்கொல்லிகளுள் சில பச்சையாக இருப்பவற்றையெல்லாம் கொல்லும். சில தெரிந்தெடுத்துக் கொல்லும். புளுஅசிபோப் என்னும் மருந்து புல்லினத்தில் கொழுப்பு உருவாகும் முதற்படியில் வேலை செய்யும் ஒரு நொதியைத் தடுக்கிறது. அவரை இனத்துச் செடிகளில் அந்த நொதி வேறு வடிவில் இருப்பதால் மருந்து அதனைப் பற்றுவதில்லை. ஆகவே பியூரேரியாவுக்கு நடுவே புல் முளைத்திருந்தால், புல் சாகும், கொடி நிற்கும். கிளைபோசேட்டுக்கு அத்தகைய பாகுபாடு இல்லை. அது செடிகள் சில அமினோ அமிலங்களைச் செய்துகொள்ளும் வழியையே அடைக்கிறது. அந்த வழி புல்லுக்கும் உண்டு, கொடிக்கும் உண்டு, செம்பனைக் கன்றுக்கும் உண்டு.

அடுத்ததே உண்மையான சிக்கல். ஆஸிஸ்டேசியா, மிக்கானியா போன்ற அகன்ற இலைக் களைகளை வெல்ல மெட்சல்பியூரான், புளுராக்சிபைர், 2,4-டி ஆகியவை இருக்கின்றன. மெட்சல்பியூரான் ஒரு ஹெக்டருக்குச் சில கிராம் அளவிலேயே வேலை செய்யும். ஆனால் இவற்றின் கண்ணுக்கு மூடுபயிரும் அகன்ற இலைச் செடிதான். களையையும் பயிரையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிடும் மருந்து அது. பயறு வயலின் அகன்ற இலைக் களைக்குத் தமிழ்நாட்டில் இமாசெத்தாபைர் அடிக்கிறார்களே என்று கேட்கலாம். உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் அங்கே அது பழக்கமானதே. எனினும் ஒரு நாட்டில் ஒரு பயிருக்கென்று பதிவு பெற்ற மருந்தை வேறு நாட்டில் வேறு பயிர்மேல் அடிப்பது அறியாமை மட்டுமன்று. மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். கலனில் ஒட்டியுள்ள தாளில் எழுதியிருப்பதே எல்லை.

ஆகவே கொடி படர்ந்த பிறகு நடுவே தலைதூக்கும் அகன்ற இலைக் களைக்குக் கைதான் மருந்து. விதைக்கும் முன்பே நிலத்தைத் தூய்மைசெய்து, விதைத்தவுடன் முளைப்பைத் தடுக்கும் மருந்துகளுள் பயறு இனத்துக்கு இணக்கமான ஒன்றை மண்மேல் அடித்துவிட்டால் கையின் வேலை பெரிதும் குறையும். பெண்டிமெத்தலின் அத்தகையது, தமிழ்நாட்டு நிலக்கடலை உழவர் அதனை நன்கறிவர். ஆஸிஸ்டேசியாவின் காய் முற்றினால் வெடித்து விதையைச் சிதறும். ஆகையால் பூவில் இருக்கும்போதே பிடுங்கியாக வேண்டும். இங்கே சிறிது மனக்குறையும் உண்டு. அதன் வெண்பூவைத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் நாடுகின்றன; மாடும் ஆடும் அதன் தழையை விரும்பித் தின்கின்றன. முதிர்ந்த செம்பனைக்கு அடியில் மாடு மேய்த்தே அதனைக் கட்டுக்குள் வைப்போர் உள்ளனர். இளங்கன்று நிலத்தில் அது ஆகாது. மாடு கன்றின் ஓலையையும் விடாது.

லாலாங்குக்கு மட்டும் ஒரு பழைய தோட்ட வழக்கத்தைத் தனியே சொல்ல வேண்டும். கொடிக்கு நடுவே ஒன்றிரண்டாக நிற்கும் லாலாங்கைப் பம்பால் அடித்தால் சுற்றியுள்ள கொடியும் போகும். அதனால் மருந்தில் நனைத்த துணியைக் கையில் பிடித்து, ஒவ்வொரு தாளையும் அடியிலிருந்து நுனிவரை துடைத்துவிடுவார்கள். மருந்து அந்தப் புல்லைத் தவிர வேறெதையும் தொடாது. கிழங்குவரை இறங்கி அதனை வேரோடு கொல்லும். உலகெங்கும் இன்று குறிபார்த்து அடிக்கும் கருவிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் தோட்டப் பெண்கள் அதனை ஒரு துணித்துண்டால் செய்தார்கள். கையுறை இல்லாமல் செய்யவைத்ததுதான் கொடுமை.

களைக்கொல்லி இந்நாட்டுக்கு வந்த கதையைப் பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. ரப்பர்க் காலத்தின் தொடக்கத்தில் துரைமார் நிலத்தில் ஒரு புல்லும் தெரியக்கூடாது என்றனர். கங்காணிகள் அழைத்துவந்த தமிழர் மண்வெட்டியால் மாதந்தோறும் செதுக்கினர். மேல்மண் மழையோடு போயிற்று. 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் காலத்தில் மூடுபயிர் வழக்கம் வலுப்பெற்றது. லாலாங்கைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய பாசாணத்தைத் தெளித்தார்கள். அது மாட்டையும் மனிதரையும் கொன்றது. 1960-களில் அதன் இடத்துக்குப் பாராகுவாட் வந்தது. 1974-இல் கிளைபோசேட் முதன்முதலாக விற்பனைக்கு வந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று, பயிர் ரப்பர்.

பாராகுவாட் தொட்ட பச்சையைச் சில மணி நேரத்தில் கருக்கும். அரை மணி நேரத்துக்குள் மழை பெய்தாலும் அதன் வேலை கெடாது. மேலாளர்கள் அதனை விரும்பியதற்கு இதுவே காரணம். ஆனால் வாய்வழி உட்சென்றால் நுரையீரலை இறுகச்செய்து கொல்லும், முறிமருந்து கிடையாது. தோலில் வழிந்தால் புண்; நகம் நிறம் மாறி உதிரும்; துளியை மூச்சில் இழுத்தால் மூக்கில் இரத்தம் வடியும். பதினாறு லிட்டர்க் கலனை முதுகில் சுமந்து அதனை அடித்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு, பினாங்கிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லிச் செயற்பாட்டு வலையமைப்புடன் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இப்பெண்களின் நிலையைப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்குவதாக அறிவித்தது. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை 1 ஜனவரி 2020 முதல் நடப்புக்கு வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகள். அதற்குள் தோட்டங்களில் பம்பு தமிழ்ப் பெண்களின் முதுகிலிருந்து பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளரின் முதுகுக்கு மாறிவிட்டது.

இலங்கையில் வேறு பாதை. 2015-இல் அங்கே கிளைபோசேட் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாகலாம் என்னும் வகையில் சேர்த்திருந்தது. பல நாடுகளின் பதிவு வாரியங்கள் அவ்வாறு கருதவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் களை மிகுந்து கைவேலையும் கூடவே, 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் விலக்கு அளித்தார்கள். மருந்தை நிறுத்துவோர் அதன் வேலையை எந்தக் கைக்கு, எந்தக் கூலிக்கு மாற்றுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரே மருந்தை நம்பியிருப்பதன் விளைவை மலேசியா முன்னதாகவே கண்டது. எல்யூசின் இண்டிக்கா என்னும் சம்பாவ் புல் நம் கேழ்வரகின் மூதாதைப் புற்களுள் ஒன்று. பேராக் மாநிலத் தெலுக் இந்தானில் 1990-களின் பிற்பகுதியில் கிளைபோசேட் அடித்தும் சாகாமல் அது நின்றது. மருந்து பற்ற வேண்டிய நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததை ஆய்வாளர் கண்டனர். பாராகுவாட்டுக்கு அடங்காத சம்பாவ் முன்பே தோன்றியிருந்தது. குளுபோசினேட்டுக்கு அடங்காதது பின்பு மலாக்காவிலும் பகாங்கிலும் தோன்றியது. கொடியின் நிழலுக்கோ இப்புல் எளிதில் அடங்கும். அது வெயில் விரும்பி.

இனிப் பூவின் கணக்கு. செம்பனையின் மகரந்தச் சேர்க்கைக்குத் தரையிலுள்ள பூ எதுவும் தேவையில்லை. 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து ஜொகூரின் குளுவாங்கில் விடப்பட்ட சிறு கூன்வண்டு அவ்வேலையை ஆண்பூங்கொத்துகளிலேயே வாழ்ந்து முடித்துவிடுகிறது. அப்படியானால் தரைப்பூவால் தோட்டக்காரருக்கு என்ன பயன்? ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுக்களுக்கு எதிரியான ஒட்டுண்ணிக் குளவிகள் அப்பூக்களின் தேனை உண்டே உயிர் நீட்டிக்கின்றன. குளவி சில நாள் கூடுதலாக வாழ்ந்தால் அத்தனை புழுக்களில் முட்டையிடும். இதற்காகவே பாதையோரங்களில் டர்னேரா, மஞ்சள் பூக்கும் காசியா, கொடிரோசா ஆகியவற்றை நடுகிறார்கள். நட்ட பின், பாதையோரப் புல்லுக்கு மருந்தடிக்கும் குழு அவற்றையும் சேர்த்துக் கருக்குவதை இப்பகுதியில் மட்டுமன்று, எங்கும் காணலாம். பூ நடும் பணியை ஒரு பிரிவிடமும் மருந்தடிக்கும் பணியை வேறொரு பிரிவிடமும் ஒப்படைத்தால் வேறென்ன நடக்கும்?

மூடுகொடியின் பூக்காலத்தில் அதன்மேல் எதையும் அடிக்காதிருப்பது நலம். புல்கொல்லி கொடியைக் கொல்லாது என்றாலும், அதனோடு கலக்கும் ஒட்டுப்பொருள்கள் பூவிலமர்ந்த தேனீயை நனைக்கும். பெருங்கொடிகள் பூப்பது பகல் குறுகும் ஆண்டிறுதியை ஒட்டி. ஜொகூரில் அது வடகிழக்குப் பருவமழைக் காலமுமாகும். கிளைபோசேட் இலையில் நன்கு ஏற ஆறு மணி நேரமேனும் மழையில்லாதிருக்க வேண்டும். பிற்பகல் இடிமழை தவறாத மாதங்களில் அடித்த மருந்து சாயோங் ஆற்றுக்கே போகும். தேனீக்கும் ஆற்றுக்கும் பணப்பைக்கும் ஒரே முடிவு பொருந்திவருவது வேளாண்மையில் அரிது, இங்கே பொருந்துகிறது.

மருந்தைக் கலக்கும் நீரைப் பற்றியும் ஒரு சொல். பக்கத்து வடிகாலில் கலங்கல் நீரை மொண்டு பம்பை நிரப்புவது எளிது. ஆனால் களிமண் துகள்கள் கிளைபோசேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். இலைமேல் விழுவது செயலற்ற சேறு. களை சாகவில்லை என்று மறுவாரம் இருமடங்கு அடிப்பார்கள். தெளிந்த நீரைக் குடத்தில் கொண்டுவந்திருந்தால் ஒருமுறையே போதும். கலனின் நிறப்பட்டையும் அடிப்பவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. மலேசியாவில் கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை, மஞ்சளும் நீலமும் அடுத்தடுத்த படிகள், வெள்ளை கடைசிப் படி. இந்தியாவில் சிவப்பில் தொடங்கிப் பச்சையில் முடியும். ஒரு நாட்டின் நிறத்தை மற்றொரு நாட்டின் பொருளில் படித்துவிடக்கூடாது. எல்லை கடந்து வேலைக்கு வருவோர் நிறைந்த தோட்டங்களில் இதனை வாய்விட்டே சொல்லித்தர வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் கொடி நிலத்தை மூடியதும் களைக்கொல்லியின் எல்லை கன்றைச் சுற்றிய வட்டத்தோடு சுருங்குகிறது. ஒன்றிரண்டு மீட்டர் ஆரம் கொண்ட அவ்வட்டத்தில் கொடி ஏறினால், மியூக்குனாவானால் குருத்தையே சுற்றி மூடிவிடும். அங்கும் இளங்கன்றுக்கு அருகில் கையால் இழுத்துவிடுவதே காப்பு. வட்டத்துக்கு வெளியே கொடிக்குக் கீழே பழைய மரங்களின் துண்டங்கள் மட்கிக்கொண்டிருக்கும். அவற்றில் முட்டையிட வரும் காண்டாமிருக வண்டு அடர்ந்த கொடியைக் கடந்து அவற்றைக் கண்டடைவது கடினம். கொடியைக் கருக்கினால் துண்டங்கள் வெளிப்படும். வண்டு பெருகிக் கன்றின் குருத்தைத் துளைக்கும்.

ஐந்தாம் ஆறாம் ஆண்டில் ஓலைகள் கூடி நிழல் இறங்கும்போது கொடி தானே மெலியும். அதன் இடத்தில் நெப்ரோலெப்பிஸ் என்னும் மெல்லிய பெரணி வளரத் தொடங்கும். அது செம்பனையோடு போட்டியிடுவதில்லை. சரிவில் மண்ணைப் பிடித்து நிற்கும். வட்டத்தையும் குலை சுமக்கும் நடைபாதையையும் மட்டும் துப்புரவாக்கி, மற்ற வரிசைகளில் அப்பெரணியை அப்படியே விட்டுவைப்பது நல்ல தோட்டங்களின் வழக்கம்.